பின் சீட்டில் அறுபத்தெட்டு கிலோ

மூச்சுப்பிடியார் கெட்டுப்போய்விட்டார் என்ற செய்தி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால் பாக்கெட்டோடு சேர்ந்து அந்தத் தெருவில் வீடு வீடாக இறங்கியது.

அவருடைய பழைய வெள்ளைக் காரின் பின் சீட்டில், இடப்பக்கம், ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலையை மூடி ஒரு பழுப்புச் சால்வை. காலை ஆறரைக்குக் காரில் போகிறாள், ஏழேகாலுக்குத் திரும்பி வருகிறாள். ஏறியதையும் இறங்கியதையும் பார்த்தவர் யாரும் இல்லை. வீட்டுக்காரி ஊரில் இல்லாத மனிதர். வயது அறுபத்திரண்டு. மிச்சத்தைத் தெருவே நிரப்பிக்கொண்டது.

செய்தியை முதலில் வெளியிட்டவர் எதிர்வீட்டம்மா. தெருவில் அவருக்கு ‘முதல் பக்கம்’ என்று பெயர். அவர் சமையலறை ஜன்னலுக்குத் திரை கிடையாது, தேவைப்பட்டதும் கிடையாது. அவர் சொன்னதை முனைக்கடை சலூன்காரர் கொஞ்சம் திருத்தி மறுபதிப்புப் போட்டார்: “தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பவே இல்ல. அடக்கமான பொம்பளை மாதிரிதான் தெரியுது.” பக்கத்துத் தையல்காரர் அதை மறுத்தார். “அடக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா ரெண்டு தோளும் ஒரே உயரத்துல இல்ல. அந்த உடம்புக்கு ஜாக்கெட் தைக்கிறது கஷ்டம்.”

உண்மையைத் தெரிந்துகொள்வதில் சிரமம் ஒன்றுமில்லை. கார் நாள் முழுக்க வாசலில்தான் நின்றது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டி எட்டிப் பார்த்தால் அரை நிமிட வேலை. ஆனால் தெருவில் ஒருவர்கூட அதைச் செய்யவில்லை. எட்டிப் பார்த்தால் விஷயம் முடிந்துபோய்விடுமே!

எட்டிப் பார்த்தால் தெரிவது மூன்று மூட்டை மணல். சீட்டின் மேல் படுத்த வாக்கில் ஒன்று, அதன் மேல் சாய்ந்து நிமிர்ந்த ஒன்று, கால் வைக்கும் இடத்தில் சின்னதாக ஒன்று. மூன்றையும் சேர்த்து ஒரு சால்வை. அதன் குறுக்கே சீட் பெல்ட். மொத்த எடை அறுபத்தெட்டு கிலோ, கிராம் சுத்தமாக.

தையல்காரர் கண்ணுக்கு ஒரு சபாஷ். மற்றபடி மூச்சுப்பிடியார் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போனது வண்டியின் ஸ்பிரிங்.

மூச்சுப்பிடியார் முப்பத்தோரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவர். ஊரில் பாதிப் பேருடைய நெஞ்செலும்பு அவருக்குப் பரிச்சயம். முகம் பார்த்தால்தான் அடையாளம் தெரியாது. “மூச்சை இழுங்க… பிடிச்சுக்குங்க… விடுங்க” என்ற மூன்று வாக்கியத்தை ஒரு நாளைக்கு எண்பது தடவை சொன்ன வாய், வீட்டுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை. காரில் குடும்பத்தோடு போகும்போது வேகத்தடை வந்தால், “மூச்சைப் பிடிங்க!” என்பார். ஆறு பேரும் கப்பென்று பிடிப்பார்கள். வண்டி ‘டங்’ என்று ஏறி ‘டங்’ என்று இறங்கும். “விடுங்க.” ஆறு பேரும் விடுவார்கள். கண்ணாடியில் ஆவி படியும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. மாமியாருக்கு அது மருத்துவம்.

அப்போது வண்டியில் ஆறு பேர். அவர், மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், மாமியார். பின்னால் உட்கார்ந்தால் மாமியாருக்குக் குமட்டும் என்பதால் முன் சீட்டு அவருக்கு. மனைவி பின் சீட்டில், இடப்பக்க ஜன்னலோரம், பிள்ளைகளுக்கு அணை கட்டியது போல. மாமியார் காலமாகி, பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போன பிறகும் மனைவி முன் சீட்டுக்கு வரவே இல்லை. “எனக்கு இந்த இடம்தான் பழகிடுச்சு. டிரைவர், வண்டியை எடுங்க” என்பார் பின்னாலிருந்து. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் மூச்சுப்பிடியாரைச் சம்பள டிரைவர் என்றே நினைத்தார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. முதலாளியம்மாவின் முகம் நடுக் கண்ணாடியில் நன்றாகத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்பு மகளுக்குப் பிரசவம். மகள் இருப்பது ஒரு ராத்திரி ரயில் தூரத்தில். “ஆறு மாசம்” என்று சொல்லிவிட்டு மனைவி ரயிலேறினார். பிளாட்பாரத்தில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று விளக்கு மினுக்கிக்கொண்டு நின்றது. ரயில் வர நேரமிருந்ததால், மனைவி சும்மா அதில் ஏறி நின்று காசு போட்டார். அட்டை விழுந்தது. அறுபத்தெட்டு. “அங்க போய் இன்னும் ஏறப்போகுது பாருங்க” என்று சிரித்து அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறிப்போனார். அட்டை இன்னும் அவர் பர்ஸில் இருக்கிறது, ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால்.

ஆறு மாதம் ஒரு வருடமானது. குழந்தை தவழ்ந்தது, நடந்தது, இப்போது நர்சரிக்குப் போகிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். மனைவிக்கு அங்கே லிஃப்ட் இருக்கிறது, மாலையில் நடக்கத் துணை இருக்கிறது, மூச்சைப் பிடிக்கச் சொல்ல ஆளில்லை. நடுவில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பில் அடி வேறு.

அவர் போகவில்லையா என்றால், போனார். ஒரு மாதம் இருப்பதாகத்தான் போனார். மகள் வீட்டு ஹாலில் சோபாவை இழுத்தால் கட்டிலாகும். காலையில் அவரை எழுப்பினால்தான் அது மறுபடி சோபாவாகும். பத்தொன்பதாம் நாள், “வண்டியை ரொம்ப நாள் எடுக்காம விட்டா பேட்டரி இறங்கிடும்” என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். பேட்டரி உண்மையிலேயே இறங்கித்தான் இருந்தது. ஆனால் மனைவி அந்த வாக்கியத்தை மன்னிக்கவில்லை. “பொண்டாட்டியை விட்டா பரவால்ல, பேட்டரியை விட்டா இறங்கிடும்!” என்று இரண்டு வருடமாக ஃபோனில் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சுவாக்கில், அவர் கேட்டார். “ஒரு பத்து நாளாவது வந்துட்டுப் போயேன்.”

“வரலாம்தாங்க. ஸ்டேஷன்லேருந்து வீடு வரைக்கும் உங்க வண்டியில உட்காரணும்னு நினைச்சாத்தான், இடுப்பு இங்கேயே வலிக்க ஆரம்பிச்சுடுது.”

சிரித்துக்கொண்டே சொன்னதுதான். வேறு யாராக இருந்தாலும் அதைச் சிரிப்பிலேயே விட்டிருப்பார்கள். கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் வாடகைக் கார் பிடிக்கிறேன் என்றிருப்பார்கள். மூச்சுப்பிடியார் அந்த வாக்கியத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு மனைவி மூன்று வருடம் வராமலிருப்பதற்கு நாற்பது காரணம் இருக்கும். முப்பத்தொன்பதை எந்த ஸ்பேனராலும் திருப்ப முடியாது. இது ஒன்று முடியும்.

மறுநாளே உதிரிபாகக் கடைக்குப் போனார். முதல் தப்பு அங்கேதான் நடந்தது. கடைக்காரர் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரில் இரண்டு விதம் எடுத்து வைத்தார். ஒன்று ஆயில், மற்றது கேஸ். கேஸ் ஷாக் விலை கூட. மேலே சிவப்புப் பெயிண்ட், மின்னல் போல ஒரு படம். “சார் மாதிரி ஆளுங்க இதைத்தான் போடுவாங்க” என்றார் கடைக்காரர். சார் மாதிரி ஆள் எப்படி இருப்பார் என்று மூச்சுப்பிடியார் கேட்கவில்லை. மெத்தைக் கடையில் விலை கூடினால் மெத்து கூடும்; அதே கணக்கைக் காருக்கும் போட்டு, முன்பக்கத்துக்கு இரண்டு வாங்கி, தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொண்டு வந்தார். வீடு வந்து சேர்வதற்குள் அவருடைய மூக்குக்கண்ணாடி இரண்டு தடவை மடியில் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் அவரை இடிதாங்கியிடம் அனுப்பினார்கள்.

இடிதாங்கி என்பது ஒரு மெக்கானிக்கின் பட்டப்பெயர். ஸ்பிரிங், ஷாக், அச்சு தவிர வேறு எதையும் தொடமாட்டார். பானெட்டைத் திறந்து காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “எஞ்சின் பத்தி என்கிட்ட பேசாதீங்க. நமக்கு இடுப்புக்குக் கீழதான் வேலை.” அவருடைய பட்டறைச் சுவரில் படம், கேலண்டர் எதுவும் இல்லை. ஆணிகளில் ஸ்பிரிங்குகள்தான் தொங்கின, உயரவாரியாக, பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசை மாதிரி.

அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முன்பக்க மூலையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தி விட்டார். வண்டி விறைப்பாக நின்றது. பின்பக்கம் போய் டிக்கி மேல் உட்கார்ந்தார். எண்பது கிலோ மனிதர். வண்டி ஒரு விரல்கடைகூட இறங்கவில்லை.

“சார், உங்க வண்டி முன்பக்கம் ரேஸுக்குப் போகுது. பின்பக்கம் சிமெண்ட் ஏத்தப் போகுது. நீங்க எங்க போறீங்க?”

“ஸ்டேஷனுக்கு” என்றார் மூச்சுப்பிடியார்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, இடிதாங்கி டார்ச் அடித்துக் காட்டினார். பின் ஸ்பிரிங் கட்டைவிரல் தடிமனில் இருந்தது. சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் கறுப்பாக இரண்டு ரப்பர் கட்டை செருகியிருந்தது. நகத்தால் கீறினால் கோடு விழவில்லை. அவ்வளவு இறுகிப் போயிருந்தது.

“இதெல்லாம் யாரு போட்டது?”

“நான்தான் போடச் சொன்னேன். இருபத்தோரு வருஷம் ஆச்சு. குடும்பத்தோட மலைக்குப் போறப்போ, ஆறு பேரு, பெட்டி, படுக்கை, மாமியாரோட ஃபிளாஸ்க்… ஒரு மேட்டுல பின்னாடி தரை தட்டி சைலென்சர் பிய்ஞ்சு போச்சு. அதுக்கப்புறம் போட்டது.”

“அதான். இது ஆறு பேருக்குப் போட்ட ஸ்பிரிங். ஸ்பிரிங் சுமக்கும், ஷாக் அடக்கும். அவ்வளவுதான் சார் இந்தத் தொழில். சுமக்க ஆள் இல்லைன்னா ஸ்பிரிங் என்ன பண்ணும், சொல்லுங்க? ரோட்டுல கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் எண்ணி எண்ணி மேல அனுப்பும்.” சக்கரத்தின் மேல் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். “இப்போ எத்தனை பேரு ஏறுவீங்க? அதைச் சொல்லுங்க. அதுக்குத் தகுந்த ஸ்பிரிங் போட்டுக்கலாம்.”

மூச்சுப்பிடியார் வாயைத் திறந்தார். ஆறு என்று வரவில்லை. பெரியவன் கடல் தாண்டி இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்பு வந்தபோது விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்தான். சின்னவன் ஃபோன் செய்யும்போதெல்லாம், “அப்பா, அந்தத் தகரத்தை வித்துடுங்க” என்கிறான். ஐந்து, நாலு, மூன்று என்று மனதுக்குள் இறங்கிக்கொண்டே வந்தார். ஒன்று என்ற இடத்துக்கு வருவதற்குள் நிறுத்திக்கொண்டார்.

“யோசிச்சுச் சொல்றேனே.”

“பதினெட்டு வருஷமா இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். யோசிச்சுச் சொல்றேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்” என்றார் இடிதாங்கி. ஆனால் மேற்கொண்டு கேலி செய்யவில்லை. முன்னால் இருந்த மின்னலைக் கழற்றிவிட்டு நாலு பக்கமும் ஆயில் ஷாக் மாட்டினார். ரப்பர் கட்டைகளைத் தட்டி எடுத்தார். ஸ்பிரிங்கை மட்டும் பழையபடி விட்டுவைத்தார். “யாரை நினைச்சு இதைப் பண்றீங்களோ, அவங்க உட்கார்ற இடத்துல அவங்க எடைக்கு எதையாவது வச்சு ஒரு பத்து நாள் ஓட்டிப் பாருங்க. எங்கெங்க இடிக்குதுன்னு எழுதிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்.”

இதை ஒரு பேச்சுக்குத்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கேட்டவர் முப்பத்தோரு வருடம் ‘எந்தப் பக்கம், எந்தக் கோணம், எத்தனை படம்’ என்று டாக்டர் துண்டுச்சீட்டில் எழுதியதை அப்படியே செய்து பழகியவர்.

வலப்பக்கத்து வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரிடம் போய் நின்றார். “அறுபத்தெட்டு கிலோ மணல் வேணும். கடனா.”

“கடனா? எதுக்கு சார், தொட்டி கட்டவா?”

“இல்ல, உட்கார வைக்க.”

கொத்தனார் அதற்கு மேல் கேட்கவில்லை. பெரியவர்கள் தனியாக இருந்தால் இப்படித்தான் ஆகிவிடுகிறது என்று சித்தாளிடம் மட்டும் சொன்னார்.

பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்து நிறுத்து, மூன்று மூட்டையாகக் கட்டினார். உட்கார்ந்த உடம்பில் எடை எங்கே எவ்வளவு விழும் என்பது அவருக்குத் தெரியும். முதல் நாள் பெல்ட் போடவில்லை. பள்ளிக்கூட வேகத்தடையில் மேல்மூட்டை முகம் குப்புற விழுந்தது. “ஐயோ!” என்று வண்டியை ஓரம் கட்டிப் பதறி இறங்கி, கதவைத் திறந்து, தூக்கி நிமிர்த்தி, மணலைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். மறுநாள் முதல் பெல்ட். சீட்டில் மணல் சிந்தாமல் இருக்க அலமாரியிலிருந்து மனைவியின் பழைய சால்வை. அதை மேலே போட்ட பிறகு, நடுக் கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டுவது கஷ்டமாகிவிட்டது.

ஸ்டேஷன் வரை ஏழு கிலோமீட்டர். நாலு வேகத்தடை, ஒரு ரயில்வே கேட், தண்ணீர்க் குழாய் தோண்டி மூடிய பள்ளம் ஒன்று. ஸ்டேஷன் வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, பழைய எக்ஸ்ரே உறையின் மேல் குறிப்பு எழுதுவார். ‘பள்ளிக்கூட மேடு: பின் இடப்பக்கம் கடும் இடி. ரயில்வே கேட்: குலுக்கல் மிதம், தொடர்ந்து மூன்று. குழாய்ப் பள்ளம்: முன்பக்கம் தேறியது, பின்பக்கம் முன்னேற்றம் இல்லை.’ ராத்திரி ரயிலில் வந்தவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். யாரையாவது கூட்டிப்போக வந்தவர் போலக் கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மணலோடு வீடு திரும்புவார்.

இப்படிப் பன்னிரண்டு நாள் ஓட்டியதன் பலன்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைச் செய்தி.

செய்தி மதியத்துக்குள் ரயில் ஏறாமலேயே மகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் பக்கம் மனைவிக்கு ஃபோன் செய்து, முக்கால் மணி நேரம் மழை, மிக்ஸி, மருமகள் என்று சுற்றிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில், “அண்ணன்கூட வண்டியில வர்றது யாருக்கா, உங்க சொந்தக்காரங்களா?” என்று கேட்டுவிட்டார்.

நாலு மணிக்கு மூச்சுப்பிடியாரின் ஃபோன் அடித்தது.

“என்னங்க, பின் சீட்டுல யாரு?”

சுற்றிவளைக்கத் தெரியாத மனிதர். “நீதான்” என்றார்.

“என்னது?”

“உன் எடைக்கு மணல். மூணு மூட்டை. ஸ்பிரிங் பார்க்கிறதுக்கு.”

அந்தப் பக்கம் பேத்தி ஏதோ பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது.

“எம்மேல சால்வை வேற போத்தியிருக்கீங்களாமே?”

“மணல் சிந்துது.”

“எந்தச் சால்வை?”

“பழுப்பு.”

“அது பூச்சி அரிச்சதாச்சே. நல்லதா ஒண்ணு போத்தியிருக்கக் கூடாதா? தெருவே பார்க்குது!” சிரிக்கிறாரா, கோபமா என்று பிடிபடவில்லை. “எத்தனை கிலோ வச்சிருக்கீங்க?”

“அறுபத்தெட்டு.”

“அது அப்போ.”

“இப்போ எவ்வளவு?”

“எதுக்குச் சொல்லணும்? பேட்டரியைக் கேளுங்க, சொல்லும்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை மூச்சுப்பிடியார் எக்ஸ்ரே உறையோடு பட்டறைக்குப் போனார். இடிதாங்கி அதை ஒரு தடவை படித்துவிட்டு, சிரிக்காமல் மடித்து வைத்தார். தரையில் இரண்டு ஸ்பிரிங்கை நிறுத்தினார். “இது கம்பெனி அளவு. அஞ்சு பேரு வரைக்கும் தாங்கும். கொஞ்சம் தட்டும், தட்டாம இருக்காது. இது ஒரு சுத்து மெலிசு. ரெண்டு பேருக்குன்னா படகு மாதிரி போகும். ஆனா ஒண்ணு, பிள்ளைகளெல்லாம் சேர்ந்து ஏறினா வேகத்தடையில வயிறு தட்டும். அப்போ என்னை வந்து திட்டக்கூடாது. சொல்லுங்க, எத்தனை பேரு?”

மூச்சுப்பிடியார் குனிந்து மெல்லிய ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளைகள் மூன்று பேரும் தோளோடு தோள் இடித்து, ஜன்னல் யாருக்கு என்று சண்டை போட்ட பின் சீட்டு அது. அந்தச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லியே பாதித் தூரம் ஓட்டியிருக்கிறார்.

“ரெண்டு பேரு” என்றார்.

சொன்னதும் ஸ்பிரிங்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டார், வாய் தவறிச் சொன்னதைப் போல.

இடிதாங்கி வேலையை ஆரம்பித்தார். மத்தியானத்துக்குள் முடிந்தது. கழற்றிய தடித்த ஸ்பிரிங் இரண்டும் சுவரோரம் கிடந்தன. “இதை எடைக்குப் போட்டுடவா சார்?”

“வேணாம், குடுங்க. வீட்டுல கிடக்கட்டும்.”

“எதுக்கு?”

“ஒருவேளை… எல்லாரும் வந்தா மாட்டிக்கலாமில்ல?”

“அரை நாள் வேலைதான்” என்றார் இடிதாங்கி. அதுவரை அவர் பேசியதிலேயே மெதுவாகப் பேசிய வாக்கியம் அது. இரண்டு ஸ்பிரிங்கையும் சாக்கில் சுற்றி அவரே டிக்கியில் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கமாக ஃபோன் வரும் நேரத்தில் மூச்சுப்பிடியார் காரில் இருந்தார். மணி அடித்ததும் எடுத்து, “கொஞ்சம் இரு” என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு, பின்பக்கம் சாய்ந்து, மூட்டையின் மடியில் ஃபோனை வைத்தார்.

“எங்க இருக்கீங்க? ஏன் கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு?”

“நீ உன் இடத்துல இருக்க. பேசாம வா. ஸ்டேஷனுக்குப் போறோம்.”

“நான் காய் நறுக்கிட்டு இருக்கேங்க.”

“நறுக்கிட்டே வா.”

வண்டி கிளம்பியது. மனைவிக்கு அந்தத் தெரு காதில் மனப்பாடம். பின் சீட்டில் இருபது வருடம் கண்ணை மூடி உட்கார்ந்து போனவர். “பால்காரர் மணி கேட்குது… முனை திரும்பிட்டீங்க… இப்போ சலூன், ரேடியோ கேட்குது” என்று கத்தி டக்டக்கென்று பலகையில் விழும் சத்தத்துக்கு நடுவே சொல்லிக்கொண்டே வந்தார். “அடுத்து பள்ளிக்கூட மேடு. மெதுவாப் போங்க.”

வாய்ப் பழக்கம் விடவில்லை. “மூச்சைப் பிடி” என்றார் மூச்சுப்பிடியார்.

கத்திச் சத்தம் நின்றது.

வண்டி மேட்டில் ஏறியது. கனமான ஒருவர் யோசித்து எழுந்து, யோசித்து உட்கார்வதைப் போல எழுந்து உட்கார்ந்தது. நடுக் கண்ணாடியில் சால்வை லேசாக அசைந்தது. சத்தமே இல்லை. மூச்சுப்பிடியார் கண்ணாடியிலேயே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட மதில் முடிந்து, மரத்தடி வந்து, வண்டி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

“என்னங்க,” பின் சீட்டிலிருந்து குரல் வந்தது, இறுக்கமாக. “இன்னும் வரலையா அது?”

“தாண்டியாச்சு.”

“தாண்டியாச்சா? எப்போ?”

“இப்பதான்.”

“அப்போ விடுன்னு சொல்லியிருக்கணுமில்ல! இவ்வளவு நேரமா பிடிச்சுட்டு நிக்கிறேன் நான்!”

“விடு” என்றார் மூச்சுப்பிடியார்.

ஒரு நீண்ட மூச்சு ஸ்பீக்கரில் கரகரத்தது. ரயில்வே கேட்டில், “தண்டவாளமா?” என்று மனைவி கேட்டார், “ஆமா” என்றார் இவர். ஸ்டேஷன் வாசலில் வண்டி நின்றதும் ரயில் அறிவிப்பு ஃபோன் வழியாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

“வந்துட்டோம்” என்றார்.

“கேட்குது.” கத்தி மறுபடி இரண்டு தடவை பலகையில் விழுந்தது. “பாப்பாவுக்கு லீவு எப்போ விடறாங்கன்னு கேட்கணும். அவளை யாரு பார்த்துக்கறதுன்னு இவங்ககிட்ட பேசணும். பார்க்கலாம்.” கொஞ்சம் நிறுத்தி, “ஏழு கிலோ எடுத்துடுங்க” என்றார்.

“என்ன?”

“மூட்டையிலேருந்து. ஏழு கிலோ குறைச்சிடுங்க. தினம் நடக்கிறேன் இல்ல.”

திரும்பி வந்து வாசலில் வண்டியை நிறுத்தியதும், மூச்சுப்பிடியார் பழைய பேப்பர் கடையைத் திறக்கச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் தராசை வாங்கினார். மேல்மூட்டையை அவிழ்த்து, பக்கெட்டில் மணலை அள்ளி அள்ளிப் போட்டு நிறுத்தார். முள் ஏழில் நின்றது. மூட்டையை மறுபடி கட்டி, நிமிர்த்தி உட்கார வைத்து, அலமாரியிலிருந்து எடுத்து வந்த நீலச் சால்வையைப் போர்த்தி, பெல்ட்டைப் போட்டார். இடைவெளி விழுந்ததில் பெல்ட்டை ஒரு பிடி இழுத்து இறுக்க வேண்டியிருந்தது. எதிர்ஜன்னலில் முதல் பக்கம் இதையெல்லாம் கடைசி வரி வரை பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கத்து வீட்டுக்குப் போனார். கொத்தனார் சாரத்தின் மேல் நின்று பூச்சுக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க மணல். ஏழு கிலோ.”

கொத்தனார் மேலிருந்து பக்கெட்டை எட்டிப் பார்த்தார். “ஏழா? மீதி எங்க சார்? வர்ற வெள்ளிக்கிழமையோட பூச்சு வேலை முடியுது. அப்புறம் நான் வேற இடத்துக்குப் போயிடுவேன்.”

“மீதியை அவளே வந்து இறங்கினதும் குடுத்துடறேன்.”

“அக்கா எப்போ வர்றாங்க?”

மூச்சுப்பிடியார் பக்கெட்டை மணல் குவியலில் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததையும் தட்டித் தட்டிக் கொட்டினார்.

“அறுபத்தோரு கிலோ பாக்கி,” என்றார். “நான் மறக்கல. நீங்களும் எழுதி வச்சுக்குங்க.”